காலக்கோட்டு ஒத்திசைவி

வேலை பார்த்த மில் மூடிய பிறகு, நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர் இசக்கியப்பன். கற்றுக்கொடுத்த பொன்செல்வி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் இசக்கியப்பன் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

பொன்செல்வியின் குழு பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையிலிருந்து இலவச மென்பொருள் ஒன்றை நடத்திவந்தது. வீடியோவின் அடியில் எழுத்து ஓடவிடும் மென்பொருள். கூடுதல் வசதி வேண்டுமென்றால் அதற்கான குட்டி நிரலை, அதாவது செருகுநிரலை, தேடி இணைத்துக்கொள்ளலாம். அப்படி இருநூற்று நாற்பது இருந்தன. முப்பத்தொன்று இசக்கியப்பன் எழுதியவை.

ஒருநாள் அவர் கேட்டார்.

"டீச்சர், இவ்வளவு வசதி இருக்கு. யாரும் தொடமாட்டேங்காங்க. பட்டியல் போட்டாச்சு, மெயில் அனுப்பியாச்சு, திறந்த உடனே அறிவிப்பும் வருது. இன்னும் எப்படித்தான் சொல்லுதது?"

பொன்செல்வி ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார்.

"இங்க ஒரு நாள் போய் உட்காருங்க அண்ணாச்சி. சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

அது காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. மைமூன் என்ற ஆசிரியை பத்தாம் வகுப்புப் பாடங்களை வீடியோவாக்கி, இவர்களுடைய மென்பொருளில் எழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று பாடங்களில் ஒன்பதுதான் முடிந்திருந்தன. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

இசக்கியப்பன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

வீடியோவில் உதடு முதலில் அசைந்தது. எழுத்து ஒரு விநாடி கழித்து வந்தது. உதட்டைப் பார்ப்பதா எழுத்தைப் பார்ப்பதா என்று பிள்ளைகள் திணறுவார்கள். அதனால் மைமூன் ஒவ்வொரு வரியாகப் பிடித்து முன்னால் நகர்த்தினார். ஒரு பாடத்தில் நானூறு வரி.

அத்தனை வரிகளையும் ஒரே சொடுக்கில் நகர்த்தும் செருகுநிரலை இசக்கியப்பன் எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தது. சொல்ல வாய் துடித்தது. பேசாமல் இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் மைமூன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு மென்பொருளின் தேடல் பெட்டியில் தட்டினார்: 'உதடு முந்துது'.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தது. அவர் பெட்டியை மூடிவிட்டு அடுத்த வரியைப் பிடித்தார்.

சாயங்கால மணி அடித்ததும் இசக்கியப்பன் கேட்டார், "நான் ஒண்ணு காட்டட்டுமா?"

நானூறு வரியும் ஒன்றாக நகர்ந்தன. மைமூன் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார். உதடும் எழுத்தும் சேர்ந்தே வந்தன.

"இதுக்குப் பேரு என்ன?"

"காலக்கோட்டு ஒத்திசைவி."

மைமூன் அதைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நாக்குக் குழறியது. சிரித்துவிட்டார். இசக்கியப்பனும் சிரித்தார். ஆனால் அவருக்குக் காது சூடானது.

மறுநாளே பெயரை மாற்றினார். இப்போது அது 'உதடு முந்தினால்'. அந்த மாதம் மட்டும் அறுபது பேர் அதைத் தேடி எடுத்தார்கள். மைமூனிடமிருந்து செய்தி வந்தது. இருபத்துமூன்று பாடமும் முடிந்துவிட்டதாம்.

இசக்கியப்பன் மனநிறைவோடு பொன்செல்வியிடம் வந்தார்.

"ஒண்ணுக்கு வழி கெடச்சாச்சு டீச்சர். மிச்சத்துக்கு இருநூத்து முப்பத்தொம்பது பேரு பக்கத்துல நான் போய் உட்காரணுமா?"

பொன்செல்வி தன் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். தேடி ஒன்றும் கிடைக்காதவர்கள் தட்டிய சொற்கள் வரிசையாக இருந்தன.

'எழுத்து படத்தை மறைக்குது.' 'ரெண்டு பேர் பேசுதாங்க யாருன்னு தெரியல.' 'நேத்து செஞ்சது எங்க போச்சு.' 'பாட்டி படிக்கிற மாதிரி பெருசா.'

பதினோராயிரம் வரி.

இசக்கியப்பன் படித்துக்கொண்டே போனார். "இதுக்கு இருக்கே. இதுக்கும் இருக்கே டீச்சர்."

"எல்லாம் இருக்கு அண்ணாச்சி. அவங்க அதைக் கூப்பிடுத பேருதான் நமக்குத் தெரியலை."

இசக்கியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.