வைத்திலிங்கத்தின் கடவுச்சொல்

அடிவாரத்து மடம் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் வைத்திலிங்கம். மடத்துத் தலைவி அருளம்மையாரைவிட வயதில் மூத்தவர். என்றாலும் அவரிடம் தீட்சை வாங்கிய நாள்முதல் அம்மையார் எதிரில் உட்காரக் கூசுவார்.

அன்று காலை வந்து நின்றபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"தாயே, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே சிஸ்டம் போடணும். எதுன்னு சாயங்காலம் கமிட்டிக்குச் சொல்லணும்."

"என்னென்ன இருக்கு?"

"ரெண்டு. ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். விலை கிடையாது, யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். மருந்துக் கவுன்டர்ல ஓடுறது ஊரெல்லாம் போடுற சாதாரண லினக்ஸ். பதிவுக் கவுன்டர்ல ஓடுறது அதையே எடுத்து ரெண்டு வருஷமா நான் செதுக்கினது."

"கமிட்டி எதைக் கேட்கும்?"

"நான் சொல்றதைக் கேட்கும். ஆனா என்னோடதை ஒதுக்கிட்டா... எது சரின்னு நீங்க சொல்லுங்க."

"உட்காருங்க. ஃபோனை இப்படிக் கீழே வைங்க. நான் சொல்றவரைக்கும் தொடக்கூடாது."

உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், பதிவுக் கவுன்டரின் வரிசை தெரிந்தது. அம்மையார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. திரையில் செலின் பெயர். பதிவுக் கவுன்டர் நர்ஸ்.

அவர் கை நீண்டது. அம்மையார் தலையசைக்கவில்லை. கை திரும்பியது.

மறுபடி அடித்தது. வரிசை நகராமல் நின்றது. நிறைமாதக்காரி ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"டோக்கன் மெஷின்ல பேப்பர் தீர்ந்திருக்கும்" என்றார் வைத்திலிங்கம். "புது ரோல் போட்டிருப்பாங்க. திரும்ப ஓடணும்னா பாஸ்வேர்டு கேட்கும்."

"போடட்டுமே."

"என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"மருந்துக் கவுன்டர்ல பேப்பரே தீராதா?"

"தீரும். மாத்திட்டு அவங்களே ஓட்டிக்குவாங்க. அதுல பூட்டு போடலை."

"இதுல ஏன் போட்டீங்க?"

"எல்லார் கையிலயும் கொடுத்தா கெடுத்துடுவாங்க, தாயே."

"இதுவரைக்கும் யாராவது கெடுத்தாங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் ஃபோன் மூன்றாம் முறை அலறியது. தரையில் அதிர்ந்து அதிர்ந்து அவர் முழங்கால்வரை ஊர்ந்து வந்தது.

"ஒரே ஒரு வார்த்தை, தாயே. பாவம், அங்கே நிற்கிறவங்களைப் பாருங்க!"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

ஃபோன் நின்றது.

இனி அடிக்கும், இதோ அடிக்கும் என்று அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. வேப்பமரத்தில் ஒரு காக்கை கரைந்து ஓய்ந்தது. முற்றத்தில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

எழுந்து ஜன்னலண்டை போனார். செலின் நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டிருந்தாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, நம்பர் எழுதி, கைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். தூணருகே நின்றவளை முதல் ஆளாக உள்ளே கூட்டிப்போய்விட்டிருந்தார்கள்.

"அக்கா, உங்க கையெழுத்தை டாக்டரம்மாவாலகூடப் படிக்க முடியாது!" என்றது வரிசையில் ஒரு குரல்.

"டாக்டரம்மா எழுதுறதை நான் படிக்கலையா? போடி உள்ளே!"

வரிசை நகர்ந்தது.

வைத்திலிங்கம் திரும்பிக் கீழே கிடந்த ஃபோனைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம்" என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவசரமாகத் தொடர்ந்தார்: "அப்போ கமிட்டிக்கு எதைச் சொல்லட்டும், தாயே?"

அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபோன் அடிச்சப்போ அந்தப் பொண்ணுங்களுக்காகப் பதறினீங்க. நின்னப்புறம் முகம் சுண்டிப்போச்சே, அது யாருக்காக? அதை முதல்ல சொல்லுங்க."