முகம் பார்த்தவர் வடம் தொடக்கூடாது

அரசர்களின் கோபத்துக்குக் காரணம் கேட்க ஆளில்லாத முன்னொரு காலத்தில், ஒரு நாட்டின் தலைநகரில் தேர்த் திருவிழா நடந்தது. மூன்று வீதிகளைச் சுற்றிவந்த தேர் வடக்கு வீதி முனையில் திடீரென்று நின்றுவிட்டது. சக்கரம் புதையவில்லை, அச்சும் முறியவில்லை. இழுத்துக்கொண்டிருந்த மக்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள்.

"பூரணவல்லி வந்துட்டா!" என்று யாரோ கத்தியதுதான் காரணம்.

பூரணவல்லி, காலமான முத்து வணிகர் ஆவுடையப்பரின் ஒரே மகள். அவர் விட்டுப்போன செல்வம் அவளுடையது. அவளைப் பற்றிய பேச்சு ஊருடையது. அவள் கொண்டை போட்டால் அடுத்த வாரம் தெருவெல்லாம் அதே கொண்டை. "அப்பன் சம்பாதிச்சதுல மினுக்குறா" என்று திட்டுகிறவர்களும் அவள் பல்லக்கு வந்தால் திட்டுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள்.

தேரோடு வந்திருந்த அரசர் கொதித்தார். "எனக்குக்கூட இப்படிக் கூட்டம் கூடியதில்லை! சாமியை நடுத்தெருவில் நிறுத்தியவளை நாடு கடத்துங்கள்!"

விகடகவி அம்பலவாணன் கைகூப்பினான். "அரசே, கூட்டம் ஓடிய குற்றத்துக்கு அவளைத் தண்டிக்கலாமா?"

அவன்மேல் நெடுநாள் பொறாமை கொண்ட அமைச்சர் மார்த்தாண்டர் இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர்.

"அரசே, அவ்வளவு இரக்கமிருந்தால் விகடகவியே தேரை நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். ஆனால் சாமியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவர் எவரும் இனி வடத்தைத் தொடக்கூடாது."

"நல்ல யோசனை!" என்றார் அரசர். "அதுவே என் ஆணை. விளக்கு வைப்பதற்குள் தேர் நிலைக்கு வராவிட்டால், அம்பலவாணா, அவளோடு நீயும் நாட்டைவிட்டுப் போகலாம்."

ஊரில் அவளைப் பார்க்காதவர் யார்? அம்பலவாணன் மெல்ல நடந்து பல்லக்கருகே போனான். திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டான்.

திரை சற்றே விலகியது. "அப்பா வருஷா வருஷம் வடம் பிடிப்பாங்க, ஐயா. அவங்க ஆண்டுத் திதி முடிஞ்சுது. அவங்க எடத்துல நானும் ஒரு கை பிடிக்கலாம்னு இறங்கினேன். என்னை வடத்துகிட்டவே விடலை. வளையலைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

அம்பலவாணன் திரையை மூடிவிட்டு, பல்லக்கோடு கூட்டத்தையும் அரசர்முன் அழைத்துவந்தான்.

"பூரணவல்லியைப் பார்த்தீர்களா?"

"கண்ணு குளிரப் பாத்தோம்! ஏழு கல்லு மூக்குத்தி!"

"நீலப் பட்டு. சரிகை மட்டும் ஒரு சாண் இருக்கும்!"

"முகம் எப்படி இருந்தது?"

"சிரிச்ச மொகம்! அவளுக்கென்ன கொறச்சல், அழுறதுக்கு?"

"போய்யா, திமிரு பிடிச்ச மொகம்!"

அம்பலவாணன் திரையை விலக்கினான். அழுது அழுது அவள் கண்கள் சிவந்திருந்தன. யாருடைய முழங்கையோ இடித்து நெற்றி வீங்கியிருந்தது.

"அரசே, இவர்கள் மூக்குத்தியைப் பார்த்தார்கள். பட்டைப் பார்த்தார்கள். தேரை விட்டு ஓடியபோது முகத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. தங்கள் ஆணைப்படி எல்லாரும் வடம் பிடிக்கலாம்."

"நீ பார்த்திருக்கிறாயே!" என்று அமைச்சர் துள்ளினார்.

"ஆம், அமைச்சர் பெருமானே. நான் ஒருவன் ஒதுங்கி நிற்கிறேன். தாங்கள் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றால் தேர்வடம் தொட முடியாது. "நான்... மூக்குத்தியை மட்டும்..." என்று மென்று விழுங்கினார் மார்த்தாண்டர்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே கழுத்து மாலையைக் கழற்றி நீட்டினார்.

"அது வேண்டாம், அரசே. வடத்தில் அவளுக்கு ஒரு கை இடம் கொடுங்கள்."

அரசரின் சிரிப்பு மெல்ல நின்றது. "நானும் மூக்குத்தியைத்தான் பார்த்தேன், அம்பலவாணா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "போய்ப் பிடிக்கட்டும்."

பூரணவல்லி வந்து வடத்தருகே நின்றாள். வெட்கத்தாலோ பயத்தாலோ எல்லாரும் விலகினார்கள். இந்த முறையும் அவள் தனியாகத்தான் நின்றாள். அப்போது எண்ணெய் விற்கும் தங்கம்மை அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏன் தாயி தள்ளி நிக்குறே? இப்படி வா. வெறுங்கையால பிடிச்சா தோல் உரிஞ்சு போயிரும். முந்தானையைச் சுத்திக்க. ம், இழு!"

பூரணவல்லி சரிகை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். விளக்கு வைப்பதற்குள் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது.

இதோடு ஊர் திருந்தியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் கிணற்றடியில், "அவ்வளவு நல்ல பட்டு பாழாப்போச்சே!" என்பதுதான் பேச்சு. சிலர் கந்தலான முந்தானையைக்கூடப் புதுமோஸ்தர் என்று நினைத்துத் தங்கள் சேலையைக் கிழித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போனவள் தங்கம்மை ஒருத்தி. ஒரு கிண்ணம் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனாள்.