கடைசியில் சாப்பிட்ட கீரி

ஆறுகளெல்லாம் இன்னும் வழி தேடி அலைந்துகொண்டிருந்த காலம் அது, பிள்ளைகளே. அப்போது செண்பகராசன் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் நாட்டில், இரவில் ஆடுகளை வயலில் அடைத்து ஆட்டுக்கிடை போடுகிற கூட்டத்தில் ஆவுடை என்று ஒரு சிறுமி இருந்தாள். தாய் தகப்பன் கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் ஒரு கீரி. மிளகு என்று பெயர்.

கீரிதானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள்! நரி வந்தால் அது நாயாகும். வெள்ளம் வந்தால் எருமையாகி ஆவுடையை முதுகில் ஏற்றிக் கரை சேர்க்கும். குட்டி தொலைந்தால் பருந்தாகிப் பறந்து தேடும். வேலை முடிந்ததும் பழையபடி கீரியாகி அவள் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காவல் நிற்பவர் கடைசியில்தான் சாப்பிடுவார். மிளகு ஆவுடைக்குக் காவல். அவள் ஒரு வாய் சாப்பிடாமல் அது எதையும் மோந்துகூடப் பார்க்காது.

ஊர்ப்பேச்சு அரண்மனை வரை போயிற்று. ராஜா இருவரையும் வரவழைத்தான். குதிரையாகச் சொன்னான், ஆயிற்று. மயிலாகச் சொன்னான், ஆயிற்று. யானையாகச் சொன்னான், மண்டபத்துத் தூண் அதிர யானையாயிற்று. அவ்வளவுதான், ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது.

“இது அரண்மனையில் இருக்க வேண்டியது. இங்கேயே விட்டுவிட்டுப் போ.”

ஆவுடை தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “மிளகு என் பண்டம் இல்லை, மகாராஜா. என் சொந்தம். சொந்தத்தை யாராவது கொடுப்பாங்களா?”

“சொந்தமாமே!” என்று சிரித்தார் மந்திரி. “சரி தாயீ. நூறு ஆட்டுக்கு நடுவே உன் சொந்தமும் ஆடாக நிற்கட்டும். நீ கூப்பிடக் கூடாது, அது உன்னிடம் வரக் கூடாது. கண்டுபிடித்தால் கூட்டிக்கொண்டு போ. தவறினால் அது அரண்மனைக்கு.”

மந்திரி பலே ஆள். எல்லா ஆடும் ஒரே வயது, ஒரே கறுப்பு. எது மேய்ந்த வயிறு, எது மேயாத வயிறு என்று பார்த்தே ஆடு மேய்க்கிறவள் மிளகைச் சொல்லிவிடுவாள் என்று பயந்து, மிளகையும் சேர்த்து எல்லாவற்றையும் முதல் நாளே பட்டினி போட்டுவிட்டார்.

மறுநாள் ஆவுடை பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒட்டிப்போன வயிறுகள் அவள் கண்ணில் பட்டன. கவலையில் அவளும் நேற்றிலிருந்து ஒரு பருக்கை தொடவில்லை.

“மகாராஜா, இதுகளுக்கு ஆலங்குழை போடச் சொல்லுங்க.”

இலையும் கொப்புமாக ஆலங்குழை வந்து விழுந்ததுதான் தாமதம்! முட்டி மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஆடுகள் பாய்ந்தன. ஒரே ஒரு ஆடு மட்டும் அசையவில்லை. அதற்குக் கால் நடுங்கியது, வாயில் எச்சில் ஒழுகியது. ஆனாலும் குழைப் பக்கம் திரும்பாமல் ஆவுடையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

“அதோ, அதுதான் என் மிளகு!”

“எப்படித் தெரிந்தது?” என்றான் ராஜா.

“நான் இன்னும் சாப்பிடலை. அதான் அதுவும் சாப்பிடலை.” சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை, பிள்ளைகளே!

ராஜா தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லாரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மந்திரி இன்னும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“எனக்காக ஒரு வேளை பொறுத்திருக்க இங்கே யார் இருக்கிறீர்கள்?” என்று ராஜா கேட்டான்.

அவன் தன் கையாலேயே சோறு கொண்டுவந்து வைத்தான். “முதலில் நீ சாப்பிடம்மா.” ஆவுடை ஒரு வாய் சாப்பிட்டாள். அந்த ஆடு அப்போதுதான் குழையில் வாய் வைத்தது.

“யானையாகச் சொல், அதில் ஏறி ராஜவீதி வழியே போ” என்றான் ராஜா.

“வேண்டாம் மகாராஜா. கீரியாவே வரட்டும். இது யாருன்னு ஊரே பார்க்கட்டும்.”

தோளில் மிளகை வைத்துக்கொண்டு, நிமிர்ந்த தலை குனியாமல், கோட்டையின் பெரிய வாசல் வழியாகவே அவள் நடந்து போனாள்.

பசித்த வேளையிலும் நமக்காகப் பொறுத்திருப்பவர் எந்த உருவில் இருந்தாலும் அவரே நம் உறவு.