பொறுதியின் கழுத்து அட்டை

ஒரு ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிளக்ஸ் கடை இருந்தது. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கடையின் ஒற்றைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே வரும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் நினைவி என்று ஒருத்தி இருந்தாள். கடையில் நடக்கிற வேலை எதுவும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். மகா வேகக்காரி. ஆனால் கரண்டு போன மறுகணம் அவள் இரண்டு கையும் காலி. என்ன வைத்திருந்தோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அவள் கையிலிருப்பதை வாங்கிப் பதிந்து வைப்பவர் தட்டு. அவர் பதிந்தது வருஷக்கணக்கில் நிற்கும். பாதியில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் மட்டும் காயம் பட்டுவிடும். படம் வரைவது சித்திரத்தின் வேலை. வரைந்ததை பிரிண்டருக்கு அனுப்புவது அச்சுமணியின் வேலை.

வாசலில் பொறுதி நிற்பான். கடையைச் சாத்தும் நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றி விளக்கை அணைப்பவன் அவன். கடைசி ஸ்டாப்பில் நிற்கிற கண்டக்டர் மாதிரி, "எல்லாம் இறங்கு, எல்லாம் இறங்கு, வண்டி டெப்போவுக்குப் போகுது" என்று குரல் கொடுப்பான். பிறகு காத்திருப்பான். அவன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது அதில் ஒரு எண்ணாக இருக்கும். அந்த எண் சொல்கிற வரை நிற்பான். அது தீர்ந்ததும் உள்ளே யார் இருந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவான்.

சித்திரம் மட்டும் வெளியேறும் முன் ஒரு கேள்வி கேட்பாள். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் செய்கிற குரல் அவளுக்கு. "தங்கள் கவனத்திற்கு. வரைந்ததைச் சேமிக்கவா, வேண்டாமா?" வெளியே இருக்கிற ஆள் பதில் சொல்லும்வரை அவள் வாசலைத் தாண்ட மாட்டாள். அவளைத் தள்ளிவிட மனம் வராதவன் மாதிரி பொறுதியும் நிற்பான்.

வெளியே இருந்த ஆள் இசக்கிராஜ், கடைக்காரன். வேலையின் நடுவில் சேமிக்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. சாயங்காலம் நேராக ஷட்டவுனை அழுத்துவான். சித்திரம் வந்து கேட்பாள். 'ஆமாம்' என்பான். அவ்வளவுதான் அவன் சேமிப்பு. அவள் வந்து கேட்பதற்குள் ஷட்டர் கம்பியை எடுத்துவந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

தொல்லை அச்சுமணியால் வந்தது. பொறுதி கூப்பிட்டால் அவன் கல்யாண வீட்டு மாமா மாதிரி, "இந்தா வந்துட்டேன் மாப்ள, சட்டையத்தான் போட்டுட்டு இருக்கேன்" என்பான். வரமாட்டான். அட்டையிலிருக்கிற நேரம் முழுக்க அவனுக்கே போகும். இசக்கிராஜின் ஊருக்குப் போகிற கடைசி பஸ் எதிரே நின்று ஹாரன் அடிக்கும். இவன் ஒரு காலைக் கடைக்குள்ளும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு திரையைத் திட்டுவான். ஒரு மழை நாளில் கரண்டு போய், யூபிஎஸ் கீச்சிட்டுக் கத்தி, அச்சுமணி சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்துபோனது. தட்டு அப்போது எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காயம் ஆற அவருக்கு வெகுநாள் ஆயிற்று.

பக்கத்து மொபைல் கடை ஜெபஸ்டின்தான் வழி சொன்னான். உள்ளே ஒரு எண் இருக்கிறது, அதைக் குறைத்துவிட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும் என்றான். கூடவே இன்னொன்றையும் மாற்றலாம், யாரையும் எதையும் கேட்காமல் மூடிவிடும் என்றான். அதனால் என்ன போகும் என்று இசக்கிராஜ் கேட்கவில்லை. என்ன மிச்சமாகும் என்றுதான் கேட்டான். பஸ் மிச்சமாகும் என்றான் ஜெபஸ்டின்.

அன்றைக்கே பொறுதியின் அட்டை மாறியது.

உள்ளே முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். அச்சுமணி சட்டையில்லாமல் வாசலில் வந்து விழுந்ததைப் பார்த்து நினைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த மழைக்குக் கரண்டு போனபோது யூபிஎஸ் இரண்டு தடவை கத்துவதற்குள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். தட்டின் மேல் ஒரு கீறல் இல்லை. அவர் பொறுதியைக் கூப்பிட்டு, "தம்பி, இப்பத்தான் உனக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றார்.

"பொறுப்பு இல்லீங்கய்யா. அட்டைதான் மாறியிருக்கு" என்றான் பொறுதி.

அது பணிவான பேச்சு என்று அவர் நினைத்துக்கொண்டார். சித்திரம் மட்டும் சிரிக்கவில்லை. தன் கேள்வியைக் கேட்க இப்போது இடமே இல்லையே என்று இழுத்தாள். அந்த நாட்களில் வந்த வேலையெல்லாம் அவசர வேலை. உடனே பிரிண்டுக்குப் போவதால் தட்டிடம் முன்பே பதிந்துவிடும். கேள்வி கேட்காததால் எதுவும் போய்விடவில்லை. அதனால் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் வெள்ளத்துரை என்கிறவர் கடைக்கு வந்தார். உப்பளத்தில் வேலை பார்த்துக் காய்ந்துபோன கை. அந்தக் கையில் ஒரு பழைய கலர் போட்டோ இருந்தது. யார் வீட்டுச் சடங்கிலோ பந்தி நடக்கும்போது எடுத்த படம். ஓரத்தில் ஒரு பெண் சாம்பார் வாளியோடு குனிந்திருந்தாள். அவள் முகத்தில் பாதியைப் பரிமாறுகிற இன்னொருவரின் தோள் மறைத்திருந்தது.

அவள் முத்துக்கனி, அவர் மனைவி. மறுநாள் அவளுக்குப் பதினாறாம் நாள். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். அவளுக்கென்று இருப்பது இந்தப் பாதி முகம்தான். போட்டோ எடுக்கிறார்கள் என்றால் அடுப்படிக்குப் போய்விடுகிறவள் என்றார் வெள்ளத்துரை.

இசக்கிராஜ் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தான். மீதி முகத்தை நீங்கள் சொல்லுங்கள், நான் வரைகிறேன் என்றான். அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கி, பிறகு தானாக. மூக்குத்தி இந்தப் பக்கம். புருவத்தில் விறகு பட்ட தழும்பு, அங்கே முடி முளைக்காது. சிரிக்காத நேரத்திலும் வாயின் ஓரம் கொஞ்சம் மேலே ஏறியே இருக்கும், அதனால் அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரிவதற்குள் சோறு ஆறிவிடும். அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். சிரித்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உள்ளே சித்திரம் ஒவ்வொரு கோடாக வரைந்தாள். நினைவி அந்த முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்று சொன்னபோதும் அது அவள் கையில் அசைந்தது. அச்சுமணிகூட எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளத்துரை திரைக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"அவதான்" என்றார்.

பெரிய பிரிண்டருக்கு மை தீர்ந்திருந்தது. காலை பஸ்ஸில் வந்துவிடும், வந்ததும் பிரிண்ட் போட்டு ஃபிரேமோடு தந்துவிடுகிறேன் என்றான் இசக்கிராஜ். அவர் தலையாட்டிவிட்டு, திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். எதிரே பஸ் ஹாரன் அடித்தது. இசக்கிராஜ் வழக்கம்போல ஷட்டவுனை அழுத்திவிட்டு ஷட்டர் கம்பியை எடுக்கத் திரும்பினான்.

"எல்லாம் இறங்கு" என்றான் பொறுதி.

நினைவி ஓடிவந்தாள். "ஐயா, கையை நீட்டுங்க. இதை வாங்கிக்கோங்க" என்றாள் தட்டிடம்.

"வாங்கச் சொல்லி உத்தரவு வரலையேம்மா" என்றார் தட்டு. கை நீட்டியபடிதான் இருந்தது.

சித்திரம் வாசலில் நின்று, "தங்கள் கவனத்திற்கு" என்று தொடங்கினாள். வெளியே யாரும் கவனிக்கவில்லை. பொறுதி அவள் தோளில் கை வைத்தான்.

"ஒரு நிமிஷம்டா பொறுதி. எனக்காக இல்ல" என்றாள்.

"நான் எப்பவும் பொறுமைசாலியா இருந்ததில்ல, சித்திரம். யாரோ எனக்கு நேரம் கொடுத்திருந்தாங்க. அவ்வளவுதான்."

விளக்கு அணைந்தது. இசக்கிராஜ் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தான்.

காலையில் மை வந்தது. வெள்ளத்துரையும் வந்தார், மாலையோடு. கம்ப்யூட்டரில் ஸ்கேன் எடுத்த போட்டோவின் சாம்பார் வாளியும் பாதி முகமும் மட்டும் இருந்தன. இசக்கிராஜ் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தான். ஜெபஸ்டினைக் கூப்பிட்டான். ஜெபஸ்டின் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, அச்சுமணி மாதிரி ஆட்களுக்குக் கொடுக்கிற நேரத்தைக் குறைத்தது சரிதான், கேட்கிறவளின் வாயை அடைத்ததுதான் தப்பு என்கிற பொருளில் ஏதோ சொன்னான். பொறுதியின் அட்டையில் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினான். கேட்காமல் மூடு என்பதை எடுத்துவிட்டான்.

வெள்ளத்துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இசக்கிராஜுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மாலையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், உச்சிக்குள் கொடுத்துவிடு என்றார். மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

மூக்குத்தி இந்தப் பக்கம் என்றார். புருவத்தில் தழும்பு என்றார். அது இன்னும் கொஞ்சம் கீழேயா என்று இசக்கிராஜ் கேட்டான். அவர் கண்ணை மூடினார். "நேத்து எங்க சொன்னேன்?" என்று கேட்டார். வாயின் ஓரம் மேலே ஏறியிருக்கும் என்றபோது, சோறு ஆறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவர் இப்போது அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. நேற்றுச் சொன்னதை நினைத்து நினைத்துச் சொன்னார்.

சித்திரம் தன்னால் ஆன மட்டும் வரைந்தாள். இசக்கிராஜ் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை சேமித்தான். தட்டு ஒவ்வொரு தடவையும் கவனமாக வாங்கிப் பதிந்தார். முகம் அழகாகத்தான் வந்தது. பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்ததை வெள்ளத்துரை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவ மாதிரியேதான் இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் சித்திரம் வாசலில் நின்று, சேமிக்கவா என்று கேட்டாள். சேமிக்க ஒன்றும் பாக்கியில்லை. எதிரே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பொறுதி காத்திருந்தான். இசக்கிராஜ் ஷட்டர் கம்பியைக் கையில் எடுக்காமல், அந்தக் கேள்வியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

பஸ் போய்விட்டது.