குளிர் தேடி வந்த பரோட்டா மாஸ்டர்

உறையூரில் ஒரு குரு இருந்தார். பெயர் லூர்துமேரி. வயது நாற்பதைத் தொடவில்லை. தொழில், ஏசி ரிப்பேர்.

அவருக்கு ஒரு சீடர். பெயர் பிச்சைமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். சீடர் குருவை மாஸ்டர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

பாதி ஆயுசு கல்லுக்கு முன்னால் வெந்தாயிற்று, மீதியையாவது குளிரில் கழிப்போம் என்றுதான் பிச்சைமுத்து இந்த வேலைக்கு வந்தார். ஏசி வேலை என்றால் ஏசிக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்துகொண்டார். சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏசி ஓடாத வீட்டுக்குத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். ஓட ஆரம்பித்ததும் ஒரு காபியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இடைப்பட்ட நேரம் முழுக்க மொட்டை மாடி.

மனிதருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் கேட்பார்.

"மாஸ்டர், இந்த வேலையில குளிர் எங்க மாஸ்டர் இருக்கு?"

"அந்த ஸ்குரூடிரைவர எடுங்கண்ணே."

அடுத்த வீட்டில் மறுபடியும் கேட்பார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல மாஸ்டர்."

"ஏணிய நல்லாப் பிடிங்க."

இப்படியே பங்குனி போய், சித்திரையும் பாதி போய், கத்திரி வெயில் வந்தது.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் தில்லைநகரிலிருந்து போன் வந்தது. சுகந்தி என்ற பெண். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, ஏசி நின்னுடுச்சு. சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மூணு அடுக்கு கேக்கு. எல்லாம் அடுக்கி, கிரீம் போட்டு வச்சுட்டேன்."

"ஃபிரிஜ்ல வைக்க முடியாதா?"

"உசரம் கொள்ளாதுக்கா. தூக்கி எங்கயாவது கொண்டு போலாம்னாலும் இப்ப தொட்டா சரிஞ்சுடும். இதுவரைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க பர்த்டேக்குத்தான் பண்ணியிருக்கேன். இதுதான் முதல் கல்யாணம்."

"மாடியில இருக்கற ஏசி பெட்டியில விசிறி சுத்துதா, பாரும்மா."

சுகந்தி மாடிக்கு ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது.

"சுத்தலக்கா. உர்ருன்னு சத்தம் மட்டும் வருது."

"ஏசிய நிறுத்திடு. வர்றோம்."

லூர்துமேரி விசிறிக்குப் புது மோட்டார் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கேக் இருந்த அறையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. திரையும் இழுத்துவிட்டிருந்தது. மேஜை மேல் கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. மேல் அடுக்கைச் சுற்றி இளஞ்சிவப்பில் கிரீம் ரோஜாக்கள். பிச்சைமுத்து குனிந்து பார்த்தார். கல்லில் போட்ட எண்ணெய் எப்போது புகையும் என்று பார்த்தே சொல்கிறவருக்கு, கிரீம் எப்போது வழியும் என்று தெரியாதா?

"பளபளப்பு வந்துடுச்சு மாஸ்டர். ரொம்ப நேரம் தாங்காது."

சுகந்தி முகம் வெளுத்துவிட்டது. இதை அவள் காதுபடச் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். சுவரோரமாக அவுட்டோர் யூனிட் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பிச்சைமுத்து மின்சாரத்தை நிறுத்தி, முன் கம்பி வலையைக் கழற்றி, விசிறியின் றெக்கையை விரலால் தள்ளினார்.

"அசைய மாட்டேங்குது மாஸ்டர். அழுத்தித் தள்ளினா கறகறங்குது."

"அப்படின்னா?"

"பேரிங் இறுகிப்போச்சு. மோட்டாரத்தான் மாத்தணும்."

"மாத்துங்க."

"யாரு?"

"நீங்கதான். நான் கீழ போய் ஃபில்டரக் கழுவி மாட்டறேன். ரெண்டு வேலையும் சேர்ந்து முடிஞ்சா சீக்கிரம் ஓடும்."

"தனியாவா?"

"வெயில் துணைக்கு இருக்குல்ல?"

படிக்கட்டில் இறங்கப் போன லூர்துமேரி திரும்பிச் சொன்னார். "மோட்டார் மேல படம் ஒட்டியிருக்கு. பார்த்து ஒயர் கொடுங்கண்ணே."

பிச்சைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முறையாக ஒரு வேலை முழுசாக அவர் கைக்கு வந்திருக்கிறது. பழைய மோட்டாரைக் கழற்றினார். புதுசைப் பொருத்தினார். நட்டு முறுக்கினார். ஒயர் கொடுக்கிற கட்டம் வந்தபோது படத்தைப் பார்த்தார். கோடும் வளைவுமாக என்னவோ இருந்தது. பரோட்டா வெந்ததை நிறத்தை வைத்தே சொல்லிப் பழகிய மனிதர். பழைய மோட்டாரில் எந்த நிற ஒயர் எங்கே இருந்ததோ, புதுசிலும் அந்த நிறத்தை அங்கேயே கொடுத்தார். பழையது வேறு கம்பெனி, புதுசு வேறு கம்பெனி என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கம்பி வலையை மூடி, ஸ்விட்சைப் போட்டார். விசிறி ஜோராகச் சுற்றியது.

"ஓடுது! மாஸ்டர், ஓடுது!"

கத்திக்கொண்டே இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி நேராக அறைக்குள் போய் ஏசிக்குக் கீழே நின்றார். ஜில்லென்று காற்று தலையில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். பிச்சைமுத்துவும் பதிலுக்குக் கும்பிட்டார், கண்ணைத் திறக்காமலே.

"வந்துடுச்சு மாஸ்டர். குளிர் வந்துடுச்சு."

ஸ்டூலில் நின்று ஏசியின் மூடியைப் பொருத்திக்கொண்டிருந்த லூர்துமேரி குனிந்து பார்த்தார்.

"வெளிய பார்த்தீங்களாண்ணே?"

"றெக்கை சுத்துது மாஸ்டர். என் கண்ணால பார்த்தேன்."

"சரி."

சுகந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தலையில் இறங்கிய காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. பிச்சைமுத்து கண்ணைத் திறந்தார். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். சும்மா காற்றுதான் வந்தது, குளிர் இல்லை.

மேஜை மேல் ஒரு கிரீம் ரோஜா மெல்ல வழுக்கி அடுத்த அடுக்கில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ அக்கா!" என்றாள் சுகந்தி.

"கதவ மூடியே வைம்மா" என்று சொல்லிவிட்டு லூர்துமேரி படியேறினார். பிச்சைமுத்து பின்னாலேயே ஓடினார்.

மாடியில் விசிறி அதே ஜோரில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான மாஸ்டர் ஓடுது! கம்ப்ரஸர் ஏன் நின்னுச்சு?"

"கிட்டப் போய் முன்னால நில்லுங்க."

நின்றார்.

"காத்து அடிக்குதா?"

"இல்லையே."

இன்னும் கிட்டே போனார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கிளம்பிப் போய்க் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது. பிச்சைமுத்து இழுத்தார். துண்டு வர மாட்டேன் என்றது. இன்னும் பலமாக இழுத்தார். வந்தது. விட்டார். திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது.

லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிச்சைமுத்து துண்டைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இது திருப்பிச் சுத்துது."

"ம்."

"உள்ள இருக்கற சூட்டத் தூக்கி வெளிய போடறதுக்குத்தான் இந்த விசிறி. இது என்னடான்னா வெளிய இருக்கற வெயில உள்ள இழுத்துக்கிட்டுக் கிடக்கு. சூடு தாங்காம கம்ப்ரஸர் படுத்துடுச்சு."

"ம்."

"நிறத்தப் பார்த்துக் கொடுத்துட்டேன் மாஸ்டர். படத்தப் பார்க்கல."

"இந்தத் தப்பப் பண்ணாம யாரும் மெக்கானிக் ஆனதில்லண்ணே. ஸ்விட்ச நிறுத்துங்க. இப்ப படத்தப் பாருங்க."

பார்த்தார். இந்தத் தடவை கோடு கோடாகவும் இருந்தது, வளைவு வளைவாகவும் இருந்தது, அர்த்தமும் இருந்தது. இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தன. கழற்றி மாற்றிக் கொடுத்தார்.

"போடட்டுமா?"

"இருங்க. கம்ப்ரஸர் கொதிச்சுப்போய் இருக்கு. ஆறட்டும். அவசரப்பட்டா திரும்பப் படுத்துக்கும்."

காத்திருக்க வேண்டியதாயிற்று. உச்சி வெயில். மாடியில் ஒரு செடி நிழல்கூட இல்லை. பிச்சைமுத்துவால் சும்மா நிற்க முடியவில்லை. புது மோட்டார் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தார். அதைத் தூக்கி யூனிட்டுக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். நிழல் மெஷினுக்கு, வெயில் அவர் தலைக்கு.

"கை வலிக்கப் போகுதுண்ணே."

"பரவால்ல மாஸ்டர்."

வியர்வை காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார். லூர்துமேரி, வழக்கமான கேள்விதான் என்று ஸ்குரூடிரைவரைத் தேடினார்.

"மாஸ்டர், கேக்கு நிக்குமா?"

லூர்துமேரி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இதுதான் முதல் கல்யாணமாம். நான் பண்ணின தப்புக்கு அது பேரு கெட்டுப்போகுமே மாஸ்டர்."

லூர்துமேரி யூனிட்டின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"இப்ப போடுங்க."

பிச்சைமுத்து அட்டையைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியை ஒரு முறை விரலால் தொட்டுக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டொக் என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கம்ப்ரஸரின் உறுமல், ஒரே சீராக.

பிச்சைமுத்து படிக்கட்டைப் பார்த்துப் பாய்ந்தார்.

"எங்கண்ணே?"

"கீழ மாஸ்டர். குளிருதான்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

"கதவத் திறந்தா இருக்கற குளிரும் போயிடும். இங்க வாங்க. இதுக்கு முன்னால நில்லுங்க."

மனசில்லாமல் வந்து நின்றார். வெயில் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். அவர் பார்வை மட்டும் படிக்கட்டிலேயே இருந்தது.

"கீழ குளிருதான்னு இங்க நின்னா எப்படி மாஸ்டர் தெரியும்?"

"இங்க நின்னாத்தான் தெரியும். மூஞ்சில என்ன அடிக்குது?"

"அனலு மாஸ்டர். கல்லு முன்னால நின்ன மாதிரியே இருக்கு."

"நல்லா அடிக்குதா?"

"நிக்க முடியல மாஸ்டர். அப்படிக் கொதிக்குது."

"அப்ப உள்ள நல்லாக் குளிருது" என்றார் லூர்துமேரி.

பிச்சைமுத்து படிக்கட்டிலிருந்து பார்வையை எடுத்தார். முகத்தை நேராகத் திருப்பி அந்தக் காற்றுக்குக் கொடுத்தார்.

மத்தியானம் தாண்டி வாசலில் வண்டி வந்து நின்றது. அதற்குள் வழுக்கிய ரோஜாவுக்குப் பதிலாகச் சுகந்தி புதுசு ஒன்று வைத்திருந்தாள். கெட்டியாக இறுகிப்போன கேக்கை மூன்று பேர் பிடித்துத் தூக்கி, ஒரு ரோஜாகூட நகராமல் ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் சுகந்தி மாடியைப் பார்த்துக் குதித்துக் குதித்துக் கையாட்டினாள். உள்ளே வந்து ஏசியில் உட்காரும்படி இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

லூர்துமேரி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பிச்சைமுத்து அசையவில்லை. அனலுக்கு முன்னால், சட்டை முழுக்க நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.