வரிவிலக்கை மறுத்த பவளாயி

கடல் ஏன் உப்புக் கரிக்கிறது என்று மீன்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வெண்மணல் துறையை ஒரு ராஜா ஆண்டான். ராஜா நல்லவன்தான். ஆனால் நல்ல ராஜாவுக்குக் கீழே இருக்கிறவனும் நல்லவனாகவே இருப்பான் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் துறையில் பவளாயி என்றொரு மீனவப் பெண் இருந்தாள். அவள் புருஷன் மாசாணம் கட்டுமரத்தில் போய்ச் சுறா பிடித்து வருவான். அவள் சுறாவின் ஈரலை உருக்கி எண்ணெய் எடுப்பாள். எடுத்த எண்ணெயில் ஆறில் ஒரு பங்கு ராஜாவுக்கு வரி. ராஜா அதைக் குடிக்கவா போகிறான்? இல்லை. துறையின் ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே, ஒரு கல் கோபுரம் நின்றது. அதன் உச்சியில் ஒரு விளக்கு. அந்த விளக்கை எரிக்கத்தான் அந்த எண்ணெய். இருட்டில் திரும்புகிற கட்டுமரங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பாறைக்கு விலகிக் கரை சேரும்.

நல்ல காரியத்துக்கு என்றாலும் வரி வரிதானே? துறையில் அதைத் திட்டாத வாய் இல்லை. வலை பின்னுகிறவன் திட்டினான். கருவாடு காயவைக்கிறவள் திட்டினாள். எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியவள் பவளாயிதான்.

"செத்த சுறாவுக்குக்கூட ராசா பங்காளியா?" என்பாள். திட்டிக்கொண்டே அளந்து ஊற்றுவாள். ஈரல் புகையில் கண் எரிய நின்று உருக்குகிறவள் அவள். திட்டாமல் எப்படி இருப்பாள்?

இப்படி இருக்கையில் சுங்கச் சாவடிக்குப் புதுத் தலைவனாகப் பெருநம்பி என்பவன் வந்து சேர்ந்தான். அவனுக்குச் சொந்தமாக மூன்று கப்பல்கள். கப்பலின் அடிப்பலகை கடல்நீரில் கெட்டுப்போகாமல் இருக்க, அதற்குச் சுறா எண்ணெய் பூச வேண்டும். காசு போட்டு வாங்க அவனுக்கு என்ன பைத்தியமா? ஊரார் கொடுத்த எண்ணெய் முன்வாசல் வழியாகச் சாவடிக்குள் போயிற்று, பின்வாசல் வழியாகக் கப்பலுக்குப் போயிற்று. பானையின் அடியில் நின்ற மண்டி மட்டும் விளக்குக்குப் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பது யார்?

முதலில் விளக்கு மங்கியது. பிறகு நடுச்சாமத்திலேயே அணைந்தது. பிறகு ஒருநாள், வாடைக்காற்று ஊளையிட்ட இரவில், அதை ஏற்றவே இல்லை. அன்றைக்குப் பக்கத்துக் குடிசை இசக்கியின் அண்ணன் போன கட்டுமரம் பாறையில் மோதிச் சிதறியது. அவன் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

பவளாயி சாவடிக்குப் போய்க் கேட்டாள். "வரி கொடுப்பது உன் வேலை. விளக்கு ஏற்றுவது என் வேலை. நீ யார் கேட்பதற்கு?" என்றான் பெருநம்பி.

அடுத்த சுறா வந்ததும் அவள் சாவடிப் பக்கமே போகவில்லை. வரி எண்ணெயை அளந்து, குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறினாள். விளக்கில் தானே ஊற்றினாள், தானே ஏற்றினாள். மறுநாள் இசக்கி ஏறினாள். அதற்கு மறுநாள் துறைப் பெண்கள் அத்தனை பேரும் குடமும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

பெருநம்பி சும்மா இருப்பானா? கோபுரத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். "வரி கொடுக்க மறுத்தவள்" என்று சொல்லிப் பவளாயியை ஆற்றங்கரை அரண்மனைக்கு இழுத்துப் போனான். பெண்கள் எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

அன்றைக்கு விடியலில்தான் மாசாணமும் மற்றவர்களும் கடலுக்குப் போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தபின்தான் திரும்புவார்கள். பூட்டிய கோபுரத்தில் விளக்கை யார் ஏற்றுவது? விளக்கு இல்லையென்றால் இசக்கியின் அண்ணனுக்கு வந்த கதிதான் அவர்களுக்கும். பவளாயியின் கண் ராஜாவைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்த்தது.

"வரி கொடுக்க மாட்டேன் என்றாயாமே?" என்று கேட்டான் ராஜா.

"யாரு சொன்னது ராசாவே? கொடுத்தேன். இவரு கையில கொடுக்கல, விளக்குல ஊத்தினேன். வரி இவருக்கா, விளக்குக்கா?"

சபை சிரித்தது. ராஜாவுக்குச் சாப்பாட்டு நேரம் வேறு தப்பியிருந்தது. வம்பை முடித்துவிட நினைத்தான். "ஏழைப் பெண் நீ. இன்றுமுதல் உனக்கு வரி இல்லை. போய் வா" என்றான்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் பவளாயி.

"சரி, உன் தெருவுக்கே வரி இல்லை."

"வேண்டாம்."

"துறை முழுவதற்கும் வரி இல்லை! போதுமா?"

"வாழ்க மன்னர்!" என்று முதலில் கத்தியவன் யார் தெரியுமா? பெருநம்பி! வரி போனால் கணக்குக் கேட்பதும் போய்விடும் அல்லவா? பெண்களில் பாதிப்பேரும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். இசக்கி பவளாயியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, உனக்குப் புத்தி பிசகிட்டா? சரின்னு சொல்லிட்டு வாட்டி! எங்கண்ணனை முழுங்கின வரி ஒழிஞ்சு போவட்டும்!"

"உங்கண்ணனை வரி முழுங்கலட்டி. வரியை முழுங்கினவன் முழுங்கினான்" என்றாள் பவளாயி. பிறகு ராஜா பக்கம் திரும்பினாள்.

"ராசாவே, வரியைத் தள்ளிட்டா விளக்குக்கு யாரு எண்ணெய் ஊத்துவா? இவரு கப்பல் வர்ற அன்னைக்கு இவரு ஏத்திக்கிடுவாரு. எங்க மரம் வர்ற அன்னைக்கு இருட்டுதான். வந்து கேட்டா, 'நீயா எண்ணெய் கொடுத்தே?'ம்பீங்க. நாங்க வாயை மூடிக்கிட்டுப் போவணும். எங்க வாயை அடைக்கத்தான இந்தத் தருமம்? ஒரு சொட்டு குறைக்க வேண்டாம். வரியை வாங்கிக்கிடுங்க. ஆனா விளக்கு எங்கேன்னு நாங்க கேப்போம். கேட்டா நீங்க பதில் சொல்லணும்."

ராஜாவிடம் அதுவரை எத்தனையோ பேர் வரி வேண்டாம் என்று அழுததுண்டு. வரியை வாங்கிக்கொள், பதில் சொல் என்று யாரும் அதட்டியதில்லை.

பெருநம்பி குதித்தான். "பொய் மன்னா! விளக்கு நாள் தவறாமல் விடிய விடிய எரிகிறது!"

"அப்படியா? அப்ப வாரும்" என்றாள் பவளாயி. "இப்பவே, கரையில கெடக்குற மரம் ஒண்ணுல ஏறும். ஆழக்கடலுக்குக் கூட்டிப் போறோம். இருட்டினதும் அந்த விளக்கைப் பார்த்துக் கரை திரும்புவோம். நானும் கூட வாரேன்."

"நியாயம்தானே? போய் வா, பெருநம்பி" என்றான் ராஜா.

"எனக்கு... வயிறு சரியில்லை மன்னா."

"வைத்தியர் கூட வருவார்."

"இன்றைக்குத் திசை சரியில்லை மன்னா."

"சோதிடர் பரிகாரம் சொல்வார்."

பெருநம்பி தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தான். "விளக்கில் எண்ணெய் இல்லை மன்னா! எல்லாம் என் கப்பலுக்குப் போயிற்று!" என்று அலறினான். விழுந்த வேகத்தில் அவன் இடுப்பிலிருந்து சாவி தெறித்துத் தரையில் கிடந்தது.

தீர்ப்பைக் கேட்கப் பவளாயி நிற்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ராஜா அரண்மனை எண்ணெய்க் குடங்களைக் குதிரைகளில் ஏற்றி அவள் பின்னாலேயே அனுப்பினான். வெளிச்சம் மங்கி, கடலும் வானமும் ஒன்றாகிற வேளையில் கோபுரத்து உச்சியில் விளக்கு எரிந்தது.

ஒவ்வொன்றாகக் கட்டுமரங்கள் பாறைக்கு விலகிக் கரை சேர்ந்தன. கடைசி மரத்தில் மாசாணம் வந்தான். பவளாயி அவனைக் கண்டதும் ஈர மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இசக்கியும் அழுதாள். அவள் அண்ணனை எந்த விளக்கும் திருப்பிக் கொண்டுவராது.

பெருநம்பியின் மூன்று கப்பல்களையும் விற்று, செத்துப்போன இசக்கி அண்ணனின் பிள்ளைகளுக்குக் கொடுத்தான் ராஜா. அன்றுமுதல் அந்தத் துறையில் வரியை எல்லார் கண்ணெதிரிலும் கோபுரத்தடியில் அளந்தார்கள். கொடுத்தவர் யாரானாலும் மேலே ஏறி விளக்கைப் பார்க்கலாம், குறை இருந்தால் ராஜாவையே கேட்கலாம் என்றும் ஆயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் ஓர் இரவு விளக்கு கொஞ்சம் மினுக்கியது. காலையில் அரண்மனை வாசலில் துறைப் பெண்கள் அத்தனை பேரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் இசக்கி. ராஜா செருப்புக்கூடப் போடாமல் பதில் சொல்ல ஓடி வந்தான்.

ஆகவே, பெரியோரே, பிள்ளைகளே, வரி கெட்டதல்ல, கேள்வி கேட்க முடியாத வரிதான் கெட்டது. கொடுக்கிற கைக்குக் கேட்கிற வாயும் வேண்டும்.