இடது மணிக்கட்டின் இரைச்சல்

டாக்டர் மெய்யம்மை தன் ஆசிரியர் சவரிமுத்துவின் இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவளுக்குத் தையல் போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கழுத்தில் செருகிய குழாய் வழியாக டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. குழாய் வழியே கிருமி புகுந்து இரண்டு தடவை காய்ச்சல் கண்டது. மூன்றாவது காய்ச்சலை அந்த உடம்பு தாங்காது. நாற்பத்திரண்டாம் நாளுக்குள், தமனி ரத்தத்தின் வேகத்தில் கைச் சிரை தடித்து டயாலிசிஸ் ஊசிக்குத் தயாராக வேண்டும்.

அதற்காக அவர் இடது கையில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். காலையில் முந்நூறு, மாலையில் முந்நூறு.

அன்று காலை சிரை சுண்டுவிரல் பருமனுக்குப் புடைத்திருந்தது. மெய்யம்மை விரல் வைத்தாள்; உள்ளே ரத்தம் இரைந்தது. வெடித்துவிட்டால்? பேண்டேஜை இறுகச் சுற்றினாள். கையை ஆட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பந்தையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம்கூட இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்தாள். ஆசிரியர் எதையோ அமுக்கி அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் அது?"

"சாக்ஸ். துவைச்சதுதான், பயப்படாதே."

"கையை ஆட்டாதீங்கன்னு சொன்னேனே சார்!"

"தொட்டுப் பார்."

கட்டுக்கு மேலே விரல் வைத்தாள். காலையில் வண்டு போல இரைந்த இடம். இப்போது இரைச்சல் அடங்கிக் கிடந்தது.

"உன் ஆய்வகத்துல ஒரு ரத்தக் குழாய் வளர்க்கிறியே, அது எப்படி இருக்கு?"

"இப்ப எதுக்கு சார் அது?"

"சொல்லேன்."

"எட்டாவது வாரம். பம்ப் ஓடுது. நிமிஷத்துக்கு அறுபது துடிப்பு. இந்த வாரம் அழுத்தத்தைக் கூட்டியிருக்கோம்."

"பாவம், பிஞ்சுக் குழாய். ஞாயித்துக்கிழமையாவது பம்பை நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"ஐயோ, நிறுத்தினா சுவர் கட்டாது சார். தொளதொளன்னு…"

பாதியில் நிறுத்தி, அவர் கையில் தான் சுற்றிய கட்டைப் பார்த்தாள்.

ஆசிரியர் கையை நீட்டினார். அவள் கட்டை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். ஏழு சுற்று. விரலை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மெல்ல, இரைச்சல்.

அவளுக்கு மூச்சு வந்தது.

"அங்கே கிழிஞ்சா குப்பையில போட்டுட்டு வேற குழாய் வளர்ப்போம் சார். இது உங்க கை."

"ஆமா."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கும்மா." சாக்ஸை ஒருமுறை அமுக்கினார். "அந்தப் பயமும் சேர்ந்து அமுக்கட்டும். நூத்து முப்பத்தெட்டு."